யார் வீட்டுத் திண்ணையில் உட்காருவது?

1970-களின் நடுவில் திருச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வாலன்டைன் டேனியல் என்ற மானுடவியல் ஆய்வாளர் வந்து தங்கினார். இலங்கையில் பிறந்த தமிழர். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர். அவர் அங்கே செய்தவற்றில் ஒன்றை இன்றைக்கும் எந்தக் கல்லூரி மாணவரும் காசு செலவில்லாமல் செய்து பார்க்கலாம். ஊர்க்காரர்களிடம் அவர்கள் வாழும் இடத்தை வரைந்து காட்டச் சொன்னார். ‘கிராமத்தை வரையுங்கள்’ என்று கேட்டால் எல்லைக்கோட்டில் ஆரம்பித்தார்கள். தாலுகா ஆபீஸ் வரைபடம் மாதிரி முதலில் ஒரு சுற்றுக்கோடு, மற்றதெல்லாம் அதற்குள்ளே. ‘ஊரை வரையுங்கள்’ என்றதும் கை வேறு இடத்தில் இறங்கியது. நடுவிலிருக்கும் கோயிலும் தெருக்கள் கூடும் இடமும் முன்னால் வந்தன. ஓரத்துக்கு வந்தபோது முழுக்கோடு விழவில்லை. சாலை உள்ளே நுழையும் இடம், காவல் தெய்வம் நிற்கும் இடம் என்று அங்கங்கே குறித்தார்கள். அதே மனிதர், அதே மண், இரண்டு படம்.

1984-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘ஃப்ளூயிட் சைன்ஸ்’ என்ற அவருடைய நூலில் இது வருகிறது. அந்த ஊருக்கு எத்தனை சர்வே எண், எத்தனை ஏக்கர் நன்செய் என்பதை வி.ஏ.ஓ. அலுவலகத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஊருக்குள் எது எந்த வழியாக வரும், வந்தால் யாருக்கு ஆகாது என்ற கணக்கு அந்த அலுவலகத்தில் கிடைக்காது. வரைந்தவர் கையில்தான் இருந்தது. பொருள்கோள் ஆய்வு என்று பாடப்புத்தகம் சொல்வது இந்த இரண்டாவது கணக்கைத் தேடுவதைத்தான். மாக்ஸ் வேபர் இதற்கு அடித்தளம் போட்டார். கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1973-ல் ‘அடர்த்தியான விவரிப்பு’ என்று அதை எடுத்துச் சொன்னார்: கண்ணில் தூசி விழுந்து இமைப்பவனையும் கண்ணடிப்பவனையும் கேமரா ஒரே மாதிரிதான் பிடிக்கும், வித்தியாசம் தெரிய, பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது என்னவாகப் படுகிறது என்று தெரிய வேண்டும். முதுகலைத் தேர்வுக்கு இவ்வளவு கோட்பாடு போதும். மீதியைக் களத்தில்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

பயிற்சி எடுக்க ஸ்ரீரங்கம் அம்மாமண்டபம் படித்துறையைவிடத் தோதான இடம் திருச்சியில் குறைவு. ஆடிப்பெருக்கு அன்று காலையில் போகும் மாணவர் முதலில் எண்ணத் தொடங்குவார்: எத்தனை பெண்கள், எத்தனை புதுமணத் தம்பதிகள், எத்தனை தேங்காய்க் கடை. எண்ணட்டும், தப்பில்லை. ஆனால் ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து அரைமணி நேரம் தள்ளி நின்று பார்ப்பவருக்கு வேறு விஷயங்கள் தெரியவரும். வாழையிலையில் காதோலை கருகமணி, மஞ்சள், காப்பரிசி, பழம். மஞ்சள் கயிற்றை யார் யாருக்குக் கட்டுகிறார்கள்? மாமியார் மருமகளுக்கா, மூத்த சுமங்கலி எல்லோருக்குமா? ஆண்களுக்குக் கையில் கட்டுவது யார்? கல்யாண மாலையைத் தண்ணீரில் விடும்போது பெண் வீட்டார் எங்கே நிற்கிறார்கள்? கட்ட வேண்டிய இடத்தில் கை நீட்டாமல் ஒதுங்கி நிற்கும் பெண் ஒருவர் அநேகமாக எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவரை எண்ணிக்கை தவறவிடும். அவர் ஒதுங்கியதற்குக் காரணம் தெரியும் என்று மாணவர் முடிவு கட்டிவிட்டால் விவரிப்பும் தவறவிடும். காவிரியில் தண்ணீர் இல்லாத வருடங்களில் படித்துறையில் குழாய் அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஜனம் அதற்கும் வந்தது. குழாய்த் தண்ணீர் எப்படிக் காவிரியாகிறது என்பது ஒரு முழு ஆய்வேட்டுக்கான கேள்வி.

இதே படித்துறையில்தான் ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணமும் நடக்கிறது. மற்ற நாட்களில் காரியத்துக்கு வந்தவர்கள் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆய்வு நெறியின் முதல் பாடத்தை வகுப்பறையில் நடத்துவதைவிட இங்கே நடத்துவது சுலபம். ஈரப்புடவையோடு படியேறும் பெண்ணைப் படம் எடுக்கக்கூடாது. தாலிக்கயிறு மாற்றும் நேரத்தில் அருகே போய் ‘ஒரு நிமிஷம்மா’ என்று கூப்பிடக்கூடாது. பிண்டம் வைப்பவரிடம் பேட்டி கேட்கக்கூடாது. பொது இடம்தானே, யாரும் யாரையும் பார்க்கலாமே என்ற வாதம் சட்டத்துக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் கேமராவைக் கண்டதும் அந்தப் பெண் முந்தானையை இழுத்துக்கொள்கிறாரே, அந்தப் பதிலை மாணவர் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதை வாசிக்கத் தெரியாதவர் மஞ்சள் கயிற்றை மட்டும் எப்படி வாசிப்பார்?

கேள்வி கேட்கும் கலைக்கு வருவோம். புதிதாகக் களத்துக்குப் போகும் மாணவரின் வாயில் ‘ஏன்’ என்ற சொல் தயாராக நிற்கும்.

‘ஏம்மா இந்தக் கயிறைக் கட்டுறீங்க?’

‘அது ஐதீகம்ப்பா.’

அதோடு முடிந்தது. ‘ஏன்’ என்று கேட்டால் கேட்கப்பட்டவர் பரீட்சை எழுதுகிறார். சரியான விடை எதுவோ அதைச் சொல்லிவிடுகிறார். ‘பெரியவங்க சொல்லியிருக்காங்க’, ‘காலம் காலமா வழக்கம்’ எல்லாம் இந்த வகை விடைகள். ‘போன வருஷம் ஆத்துல தண்ணி இல்லையே, எப்படிச் செஞ்சீங்க?’ என்று கேட்டால் கதை வரும். குழாயடி, பக்கத்து வீட்டுக் கிணறு, வாளியில் மஞ்சள் கரைத்தது, நாத்தனார் கோபித்துக்கொண்டது என்று பேச்சு ஓடும். அந்தக் கதைக்குள் ஐதீகமும் இருக்கும், அதை அவர் எங்கே வளைத்தார் என்பதும் இருக்கும். பேச்சு நின்றுபோனால் அவசரப்பட்டு அடுத்த கேள்வியைப் போட வேண்டாம். பத்து விநாடி சும்மா இருந்தால், பெரும்பாலும் பேசியவரே தொடருவார்.

கேள்வி இன்னொரு திசையிலிருந்தும் வரும் என்பதைப் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை. ‘தம்பிக்கு எந்த ஊரு?’ என்று ஆரம்பித்து, ‘அங்க எந்தத் தெரு?’ என்று நெருங்கி, ‘அப்பா என்ன பண்றாரு, குலதெய்வம் எது?’ என்று போய் நிற்கும். மண்ணச்சநல்லூரானாலும் மணப்பாறையானாலும் இது சாதியைத்தான் கேட்கிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பொய் சொல்லிச் சமாளித்த மாணவர் மூன்றாம் நாள் வேறொருவர் வாயால் மாட்டிக்கொள்வார். ‘அதைச் சொல்ல விருப்பமில்லைங்கய்யா’ என்று சொல்லலாம். சொன்னால் கதவு சாத்தப்படலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். எதைச் சொன்னாலும், கேட்கப்பட்ட கேள்வியையும் தான் சொன்ன பதிலையும் அதற்குப் பிறகு பேச்சு எப்படி மாறியது என்பதையும் அன்றிரவே குறிப்பேட்டில் எழுதிவைப்பது அவசியம். ஆய்வாளரை ஊர் எந்த இடத்தில் வைத்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

வைக்கப்பட்ட இடம் எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதற்கு ஆந்த்ரே பெத்தேய் உதாரணம். வங்காளத்திலிருந்து வந்த சமூகவியலாளர். 1960-களின் தொடக்கத்தில் தஞ்சாவூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்து, 1965-ல் ‘காஸ்ட், கிளாஸ் அண்ட் பவர்’ நூலை வெளியிட்டார். பிராமணரல்லாத வெளியாளுக்கு அப்போது எளிதில் கிடைக்காத ஒன்று அவருக்குக் கிடைத்தது: அக்ரகாரத்து வீட்டில் தங்க இடம். அதனாலேயே மற்றத் தெருக்காரர்கள் அவரை அக்ரகாரத்து ஆளாகப் பார்த்தார்கள். சேரிக்குள் அவரால் இஷ்டத்துக்குப் போய்வர முடியவில்லை. இதை அவர் மறைக்கவில்லை, தானே எழுதியிருக்கிறார். நூலின் மதிப்பு அதனால் குறையவில்லை. எந்தப் பக்கத்தை எந்தத் திண்ணையிலிருந்து கேட்டு எழுதியது என்று வாசகருக்குத் தெரிகிறது. இந்த ஒளிவுமறைவின்மையை ஆய்வேட்டின் முறையியல் அத்தியாயத்தில் ஒரு பக்கமாவது காட்ட வேண்டும். பெரும்பாலான ஏடுகளில் அந்த இடத்தில் ‘ஆய்வாளர் நடுநிலையோடு தரவுகளைச் சேகரித்தார்’ என்ற வரிதான் இருக்கிறது. யாரையும் ஏமாற்றாத வரி, ஏனென்றால் யாரும் அதை நம்புவதில்லை.

ஸ்ரீரங்கத்தில் திண்ணைப் பிரச்சினை தெருவிலேயே வரையப்பட்டிருக்கிறது. 156 ஏக்கர் பரப்பு, ஏழு சுற்று. உள் சுற்றுகள் கோயில். வெளிச் சுற்றுகள் ஊர். உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் என்று வெளியே வரவர வீடுகளும் மனிதர்களும் கடைகளும் மாறுகின்றன. உத்திர வீதியில் அறை எடுத்துத் தங்கும் மாணவரும் அடையவளஞ்சானுக்கு அந்தப் பக்கம் தங்கும் மாணவரும் இரண்டு ஸ்ரீரங்கத்தைக் கேட்பார்கள். வைகுண்ட ஏகாதசி பற்றிய ஆய்வு என்றால் பட்டர்களையும் ஸ்தலத்தார்களையும் பார்த்துவிட்டுத் திரும்பத் தோன்றும். நம்பெருமாளைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகள், விடியுமுன் மாலை கட்டி முடிப்பவர்கள், பகல்பத்து இராப்பத்து முழுக்கக் கூட்டம் விட்டுப்போன குப்பையை அள்ளும் தூய்மைப் பணியாளர்கள், ராஜகோபுரத்தடியில் கடை போடுபவர்கள், எல்லோருக்கும் அந்த இருபத்தோரு நாள் வெவ்வேறு திருவிழா. கோயிலின் வரலாற்றுப் பதிவான ‘கோயிலொழுகு’ இருக்கிறது, வே. ந. ஹரிராவ் அதை 1961-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அருமையான ஆவணம். ஆனால் அதுவும் ஒரு திண்ணையிலிருந்து எழுதப்பட்டதுதான்: கோயில் நிர்வாகத்தின் திண்ணை.

ஸ்ரீரங்கம் கோயிலில் இந்துக்கள் அல்லாதவர்களுக்கு மூலஸ்தானம் வரை அனுமதி இல்லை. கிறிஸ்தவ, முஸ்லிம் மாணவர்கள் நிறையப் படிக்கும் திருச்சியில் இது கற்பனைச் சிக்கல் இல்லை. நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்று நண்பர்கள் யோசனை சொல்வார்கள். போகக்கூடாது. மாட்டிக்கொள்வோம் என்பதற்காக அல்ல. பொய்யான அடையாளத்தில் பெற்ற ஒவ்வொரு வரியும் பிறகு எழுதும்போது தொண்டையில் சிக்கும், உள்ளே பேசியவர்களும் வேறொருவரிடம் பேசுவதாக நம்பித்தான் பேசியிருப்பார்கள். வாசலுக்கு வெளியே வருகிறவர்களிடம் ‘உள்ளே என்ன பார்த்தீங்க?’ என்று கேட்பது தன்னளவிலேயே நல்ல ஆய்வு. டேனியல் தான் ஆராய்ந்த ஊர்க்காரர்களோடு சபரிமலை யாத்திரை போனார். அது அவர்களுக்குத் தெரிந்து, அவர்களோடு சேர்ந்து போனது.

இனி ஒப்புதல் படிவம். 1947-ன் நியூரம்பெர்க் விதிகள், 1979-ன் பெல்மான்ட் அறிக்கை, நம் நாட்டில் ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் என்று இதற்கொரு வம்சாவளி உண்டு. நாஜி மருத்துவர்களின் கொடுமையிலிருந்து பிறந்த பாதுகாப்பு அது. ஆனால் மருத்துவமனைக்காகத் தைத்த சட்டை கீரைக்கட்டு விற்கும் பாட்டிக்கு அப்படியே பொருந்தாது. காந்தி மார்க்கெட்டில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் முதலில் வருவது பயம். கையெழுத்து என்றால் கடன், இல்லையென்றால் கோர்ட்டு. அதற்கடுத்து எதிர்பார்ப்பு: ‘இதுல பேரு எழுதினா லோன் வருமா கண்ணு?’ ஆய்வின் பயன் என்று மாணவர் சொல்வதும் பாட்டி எதிர்பார்ப்பதும் ஒன்றாக இருக்காது. ‘ஒண்ணும் கிடைக்காது பாட்டி, நான் படிக்கிறதுக்காகக் கேக்குறேன்’ என்பதை முதலிலேயே, அவர் மொழியில், பணிவாகச் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகும் பேசினால் அதுதான் சம்மதம். வாய்மொழிச் சம்மதத்தை, அவர் அனுமதியோடு, ஒலிப்பதிவின் ஆரம்பத்திலேயே பதிந்துகொள்ளலாம். பாதியில் ‘போதும்ப்பா, வியாபாரத்தைப் பாக்கணும்’ என்றால் அந்த இடத்தில் எழுந்துவிட வேண்டும். இன்னும் இரண்டே கேள்விதான் என்று கெஞ்சுவது வேண்டாம்.

சம்மதத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மகளிர் குழுத் தலைவி பதினைந்து பேரை வரவழைத்து உட்கார வைத்துவிடுவார். மாணவருக்கு ஏக சந்தோஷம். தலைவி கூப்பிட்டதால் வந்தவர்கள் தலைவி எதிரில் என்ன சொல்ல முடியும்? கூட்டத்தைத் தட்டவும் முடியாது. அதில் நடந்ததைக் ‘கூட்டத்தில் சொன்னது’ என்றே எழுதிவைத்து, பிறகு தனித்தனியாக, விருப்பமிருப்பவர்களை மட்டும் சந்திப்பது உத்தமம்.

குறிப்பேட்டுக்கு ஒரு கட்டாய விதி: அன்றைய களம் அன்றிரவே எழுதப்பட வேண்டும். கண்டது ஒரு பக்கம், காதில் விழுந்தது அவரவர் சொற்களிலேயே ஒரு பக்கம், தனக்குத் தோன்றியது தனியாக ஒரு பக்கம். மூன்றும் கலந்துவிட்டால் ஆறு மாதம் கழித்துப் பிரிக்க முடியாது. பெயர்ப் பட்டியலைக் குறிப்பேட்டிலிருந்து விலக்கி வேறிடத்தில் பூட்டிவைக்க வேண்டும். பேட்டி ஒலிப்பதிவுகளை வாட்ஸ்அப் குழுவில் போட்டு ‘யாராவது டைப் பண்ணிக் கொடுங்கப்பா’ என்று கேட்பது, 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கும் நாட்டில் அசட்டுத் துணிச்சல். பிரதி வைத்தாக வேண்டும், ஒரே இடத்தில் வைக்கக்கூடாது. சமூகவியலாளர் எம். என். சீனிவாஸ் மைசூர்ப் பக்கத்து ராமபுராவில் திரட்டித் தொகுத்த குறிப்புகளின் மூன்று பிரதிகளும் 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு மையத்துக்கு யாரோ தீவைத்ததில் எரிந்துபோயின. மூன்றும் ஒரே கட்டடத்தில் இருந்தன. அவர் நினைவிலிருந்து எழுதிய ‘த ரிமெம்பர்ட் வில்லேஜ்’ 1976-ல் வந்தது, புகழும் பெற்றது. எல்லோரும் சீனிவாஸ் ஆகிவிட முடியாது.

காவிரி ஓடும் மாவட்டங்களில் வரைபடத்தில் இல்லாத ஊர்கள் சில உண்டு. பெத்தேயின் ஸ்ரீபுரம், கேத்லீன் கஃப் 1950-களின் தொடக்கத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆராய்ந்த கும்பப்பேட்டை, டேனியலின் கலப்பூர். எல்லாம் ஆய்வாளர் சூட்டிய பெயர்கள். பேசியவர்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்ற நல்ல எண்ணம். ஆனால் பெயரை மாற்றினால் போதும் என்று நம்பியவர்கள் அடிபட்டிருக்கிறார்கள். மானுடவியலாளர் நான்சி ஷெப்பர்-ஹ்யூஸ் அயர்லாந்துக் கிராமம் ஒன்றைப் பெயர் மாற்றி 1979-ல் எழுதினார். பத்திரிகைக்காரர் ஒருவர் ஊரைக் கண்டுபிடித்துவிட்டார். ஊர்க்காரர்களும் புத்தகத்தில் தங்களைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். இருபது வருடம் கழித்துத் திரும்பிப் போனவரை ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள்.

ஸ்ரீரங்கத்தில் கஷ்டம் இன்னும் கூடுதல். ‘தமிழகத்தின் பெரிய வைணவத் தலம் ஒன்றில்’ என்று எழுதினால் யாருக்குத் தெரியாது? அரையர் சேவை செய்யும் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவர்களில் ஒருவரை ‘தகவலாளர் 7’ என்று குறிப்பிட்டு மறைத்துவிட்டதாக மாணவர் நினைப்பார், தெருவே சிரிக்கும். இப்படிப்பட்டவர்கள் விஷயத்தில் வழி ஒன்றுதான். எழுதிய பகுதியைத் தமிழில் எடுத்துக்கொண்டு போய் அவர்களிடமே வாசித்துக் காட்டி, எது இருக்கலாம், எது வேண்டாம் என்று கேட்பது. தங்கள் பெயர் வரவேண்டும் என்று விரும்புகிறவர்களும் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கற்ற கலையைச் சொன்னவரை எண்ணாக்கிவிடுவதும் ஒருவித அவமதிப்புதான். ஆனால் ஒருவர் பெயரைப் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று தானாகத் தெரிந்துவிடும் என்பதையும் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

தலைப்புக்குச் சம்பந்தமில்லாத ஒன்றை யாராவது சொல்ல ஆரம்பித்தால்? டேனியல் 1983-ல் இலங்கை மலையகத் தோட்டங்களுக்குப் போனது பெண் தொழிலாளர்களின் பாடல்களைச் சேகரிக்கத்தான். அந்த ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு மக்கள் பேசியது வேறு. 1996-ல் வந்த ‘சார்ட் லல்லபைஸ்’ அதிலிருந்து உருவான நூல். வன்முறையை எழுதும்போது அதை வேடிக்கைப் பொருளாக்கிவிடாமல் எப்படி எழுதுவது என்று அந்த நூல் முழுக்கத் தவிக்கிறார். முதுகலை மாணவருக்கு அவ்வளவு பெரிய சோதனை வராமல் போகலாம். மாலை கட்டும் கூலி பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் புருஷன் அடிப்பதைச் சொல்லத் தொடங்குவது எந்தத் தெருவிலும் நடக்கும். உடனே ரெக்கார்டரை அணைத்துவிட்டு, அணைத்ததை அவருக்குக் காட்டி, கேட்க வேண்டும். மகளிர் உதவி எண் 181-ஐச் சொல்லலாம். அவர் சொன்னதை ஆய்வேட்டில் சேர்ப்பதா என்ற முடிவு அவருடையது, அதையும் அழுகையின் நடுவில் கேட்கக்கூடாது.

கடைசியாக வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஏட்டைப் புரட்டி, ‘சாம்பிள் எவ்வளவு?’ என்பார். ‘பதினொரு பேர் சார்’ என்றால் புருவம் உயரும். அங்கே மாணவர் குழைந்து மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. பதினொரு பேரை எத்தனை முறை, எந்தெந்த இடத்தில், யார் மூலம் சந்தித்தார், யாரைச் சந்திக்க முடியவில்லை, ஏன், பன்னிரண்டாவது ஆள் இதை மறுத்துப் பேச என்ன வாய்ப்பு என்று வரிசையாகச் சொல்லத் தெரிந்தால் போதும். சந்திக்க முடியாதவர்கள் பட்டியலைப் பின்னிணைப்பாக வைத்திருந்தால் (பெயரில்லாமல், தெருவும் தொழிலும் மட்டும்) தேர்வாளரின் அடுத்த கேள்வி பெரும்பாலும் அதிலிருந்தே வரும். அதற்கான பதில் மாணவரிடம் குறிப்பேட்டிலேயே இருக்கும்.